கையில் 110,000 ரூபா, எந்தக் கடனை முதலில் அடைப்பது?

திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். 2022 நெருக்கடியில் பெட்ரோல் இல்லாமல் கணவரின் ஆட்டோ ஓடாமல் நின்றபோது வாங்கத் தொடங்கிய கடன் இன்னும் முடியவில்லை.

ஆட்டோ லீசிங் மாதம் 24,000, இன்னும் 14 மாதம். பெண்கள் குழுக்கடன் கிழமைக்கு 3,500, பாக்கி 30 கிழமை, ஒருவர் பிந்தினால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அந்த நாளில் வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை. அப்புறம் என் தாலிக்கொடி 280,000க்கு அடகில், வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைக்கிறோம்.

கேபிளை நிறுத்தினோம், டியூஷனை ஒரு பாடமாகக் குறைத்தோம், பாதிச் சமையல் விறகில். லீசிங்காரரிடம் தவணையை நீட்டக் கேட்டோம், மொத்த வட்டி கூடும் என்றார்கள். சீட்டு எடுக்கலாம் என்றேன், அதுவும் கடன்தானே என்று அண்ணி மறித்துவிட்டா.

நிலாவெளிக்கு வெள்ளைக்காரர் வருகிற மாதங்களில் சேர்த்ததுதான் இந்த 110,000. ஐப்பசி மழை தொடங்கினால் ஓட்டம் பாதியாகிவிடும்.

இந்தக் காசில் குழுக்கடனை ஒரேயடியாக முடிப்பதா, தாலிக்கொடி அடகின் முதல் தொகையில் ஒரு பகுதியைக் குறைப்பதா?