அவெஞ்சரில் பின்னுக்கு இருப்பவருக்கு நாரி (கீழ் முதுகு) நோகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கொக்குவில் பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். என்னிடம் இருப்பது பஜாஜ் அவெஞ்சர் 220 ஸ்ட்ரீட் மோட்டார் சைக்கிள். இறக்குமதி நின்றிருந்த காலத்தில், ஒருவர் ஓடினதை வாங்கினேன். ஓட்டுகிற எனக்குச் சாய்மனைக் கதிரையில் இருப்பது மாதிரி. பின்னுக்கு இருக்கும் மனுசிக்கு அந்தச் சுகம் இல்லை.

நல்லூர், திருநெல்வேலிச் சந்தை என்று கிட்டடி ஓட்டத்துக்கு ஒரு முறைப்பாடும் வராது. பூநகரி வழியாக மன்னார்ப் பக்கம் திருக்கேதீச்சரம் கோயிலுக்குப் போகும்போதுதான் தொடங்கும். நாவற்குழியில் திரும்பி, கேரதீவு தாண்டிச் சங்குப்பிட்டிப் பாலம் வரும்போது முதுகில் தட்டு விழும். "கொஞ்சம் நிற்பாட்டுங்கோ." இறங்கிக் கடல் பார்க்கிறோம் என்று போகிற வருகிற ஆட்கள் நினைப்பார்கள். அவ நாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா.

அடுத்த முறை தன்னுடைய ஸ்கூட்டரில்தான் போவது என்று முடிவாகச் சொல்லிவிட்டா. அவதான் ஓட்டுவாவாம், நான் பின்னுக்கு இருக்க வேண்டுமாம்.

ஜெல் குஷன், புதுச் சீற், சாய்மானக் கம்பி, பின் பெட்டி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாம் செய்யக் காசு இல்லை. எதை முதலில் செய்வது?

பின்சீற் அக்கா:

தம்பி, எனக்கு பைக் ஓட்டத் தெரியாது. இவர் முதலில் பழைய யமஹா விராகோ வைத்திருந்தார், இப்போது அவெஞ்சர். இரண்டிலும் பின்னுக்கு இருந்து வவுனியா வரைக்கும் போய் வந்தவள். அதனால் பின்சீற்றைப் பற்றி ஓட்டுகிறவர்கள் சொல்வதை அவ்வளவாக நம்புவதில்லை.

குஷனை விடுங்கோ. நோ தொடங்குவது எந்த இடத்தில் என்று மனுசியைக் கேளுங்கோ. நாரியும் வாலெலும்பும் என்றால் சாய்மானம் இல்லாததுதான் காரணம். நீங்கள் பின்னுக்குச் சாய்ந்து காலை முன்னுக்கு நீட்டி இருக்கிறீர்கள். அவவுக்குக் கால் வைக்கிற கட்டை கிட்டத்தட்ட நேர் கீழே, முழங்கால் மடங்கியே நிற்கும். நீங்கள் கிளச்சை விட்டு முறுக்கும்போதெல்லாம் அவ பின்னுக்குச் சரியப் பார்ப்பா. சரியாமல் இருக்க வயிற்றையும் நாரியையும் இறுக்கிப் பிடிப்பா. கொஞ்சத் தூரத்தில் அது களைத்துவிடும், கூனத் தொடங்குவா. கூனினால் தொடை தாங்க வேண்டிய பாரம் வாலெலும்புக்குப் போய்விடும். பிறகு கீழே எவ்வளவு மெத்தென்று இருந்தும் பயன் இல்லை.

என் ஓட்டு சாய்மானத்துக்கு. ஆனால் கடையில் தொங்குவதை அப்படியே வாங்கிப் பூட்டாதீங்கோ. நிமிர்ந்து இருக்கும்போதே அது நாரியில் தொட வேண்டும். நாலு விரல் பின்னுக்கு நின்றால், அதைத் தேடிச் சாய்ந்து திரும்பவும் கூனல்தான். இடைவெளி இருந்தால் சாய்மானத்தின் பஞ்சைத் தடிப்பாக்குங்கோ. தோள் வரைக்கும் எழும்பி நிற்கிற கம்பி படம் எடுக்க வடிவு, நாரிக்கு உதவாது.

முழங்கால்தான் முதலில் என்றால் கதை வேறு. சீற்றுக்கும் கால் கட்டைக்கும் இடையில் தூரம் போதாது. சீற்றை ஓர் அங்குலம் உயர்த்தினால் முழங்கால் கொஞ்சம் விரியும், காற்றும் கூட அடிக்கும். பூநகரி வெளியில் அந்தக் காற்று லேசுப்பட்டதில்லை. கட்டையைக் கீழே இறக்குவதானால் சைலன்சரைப் பார்த்துச் செய்யுங்கோ. என் செருப்பின் அடி ஒருதரம் அதில் உருகி ஒட்டியது.

காசில்லாத வேலையும் ஒன்று இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது இரண்டு ஹெல்மெற்றும் முட்டினால் பிழை பின்னுக்கு இருப்பவரில் இல்லை. பள்ளம் உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு உங்கள் முதுகுதான் தெரியும். முன்கூட்டி ஒரு சொல் சொன்னால் கால் கட்டையில் ஊன்றிக் கொஞ்சம் எழும்பிக் கொடுப்போம்.

உரும்பிராய் ஸ்பனர்:

அக்கா சொன்னதில் மறுப்பு இல்லை. ஆனால் சாய்மானத்துக்குக் காசு எடுக்க முன்னம் பின் சொக் அப்சோபரைப் பாருங்கள் தம்பி. அவெஞ்சரில் அதன் ஸ்பிரிங்கை இறுக்க ஐந்து படி இருக்கிறது. முந்தின சொந்தக்காரர் தனியாக ஓடினவர் என்றால் முதல் படியில் கிடக்கும். அதில் இரண்டு பேர் ஏறினால் ஸ்பிரிங் நிற்கும்போதே நிறைய அமுங்கிவிடும். பள்ளத்தில் விழும்போது மிச்சம் இல்லாமல் அடிதட்டும். அந்த அடி உங்களுக்குக் கொஞ்சம்தான் வரும், பின் சில்லுக்கு மேலேயே இருக்கிற மனுசிக்கு முழுதாகப் போகும்.

சி ஸ்பனரால் இரண்டு பக்கத்தையும் ஒரே படிக்கு ஏற்றுங்கள். ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அப்படியில்லை, ஸ்பிரிங் அதேதான். பின்பக்கம் உயர்ந்து, அமுங்குவதற்கு இடம் கிடைக்கிறது. தனியாக ஓடும்போது இறக்கிவிடுங்கள். எண்ணெய் கசிந்திருந்தால் படி மாற்றிப் பலனில்லை, சோடியாகத்தான் மாற்ற வேண்டும். பின் ரயருக்கு இரண்டு பேர் போகும்போது காற்று கூட வேண்டும், கையேட்டில் தனியாகப் போட்டிருப்பார்கள். ஆட்கள் ஏறின பிறகு செயின் எவ்வளவு தொய்கிறது என்றும் ஒரு பார்வை.

சாய்மானம் அவெஞ்சரின் குரூஸ் மொடலில் கம்பனியிலிருந்தே பூட்டி வருகிறது. அது கிடைத்தால், உங்கள் ஸ்ட்ரீட்டில் துளைகள் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்து வாங்குங்கள். பட்டறையில் செய்விப்பதானால் மட்காட் தகட்டில் பூட்ட விடாதீர்கள். மட்காட்டைத் தாங்குகிற இரும்பில் போல்ட் போட வேண்டும், ஓர் ஆள் முழுப் பாரத்தோடு சாய்வது. பைக்கின் சட்டத்தில் (பிரேமில்) வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

பின் பெட்டி பாரத்தைப் பின் சில்லின் அச்சுக்கும் பின்னுக்குக் கொண்டுபோய் முன் சில்லை லேசாக்கும். வேட்டி துண்டு வைக்கலாம். மாமியார் கட்டித் தருகிற முருங்கைக்காயையும் பனங்கட்டியையும் பஸ்ஸில் போட்டுவிடுங்கள்.

மானிப்பாய் குஷன்:

இது என் தொழில். ஜெல் வேண்டாம். கோயில் வாசலில் வெயிலில் நின்ற பைக்கில் திரும்ப ஏறினால் ஏன் என்று தெரியும், சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய ஸ்பொஞ்சும் வேண்டாம். கடையில் கையால் அமத்திப் பார்க்கச் சுகம், அரை மணித்தியாலம் ஓடினால் அடித் தட்டில் இடிக்கும். கீழே கடினமான பஞ்சு, மேலே ஓர் அங்குலத்துக்கு மென்மையானது என்று இரண்டு படையாகப் போடச் சொல்லுங்கள். பின்சீற் முன்னுக்குச் சரிந்திருந்தால் மட்டமாக்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் உங்கள் மேல் வழுக்கி வருவா. புதுக் கலியாணம் என்றால் உங்கள் விருப்பம்.

ரெக்சினுக்குக் கீழே பொலித்தீன் தாள் போட மறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தையலால் தண்ணீர் இறங்கினால் பஞ்சு காயவே காயாது. எந்தக் கடையில் செய்தாலும் மனுசியைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆளை இருத்திப் பார்க்காமல் நான் பஞ்சு வெட்டுவதில்லை.

கொக்குவில் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. ஸ்பனர் அண்ணை, சொக் முதல் படியில்தான் கிடந்தது. மூன்றுக்கு ஏற்றினேன். அடிதட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. இரவில் இரண்டு பேராகப் போகும்போது பின்பக்கம் அமுங்கி லைற் மேலே அடிக்கும், எதிரே வருகிறவர்கள் லைற்றைக் குறைக்கச் சொல்லித் திட்டுவார்கள், அதுவும் நின்றிருக்கிறது. மனுசியைக் கேட்டேன். முதலில் நாரி, முழங்கால் பிறகுதானாம். ஆகவே சீற்றைப் பிறகு பார்க்கலாம், இப்போது சாய்மானம் தேடுகிறேன்.

அக்கா, ஒரு கேள்வி. கோயிலுக்குச் சேலைதான் என்கிறா. ஒரு பக்கமாக இருந்து வந்தால் சாய்மானம் உதவுமா?

பின்சீற் அக்கா:

உதவாது தம்பி. ஒரு பக்கமாக இருந்தால் அது விலாவில்தான் இடிக்கும், நாரியும் முறுகியபடியே வரும். அவ்வளவு தூரத்துக்குச் சுடிதாரில் வரச் சொல்லுங்கோ. சேலையைப் பையில் வைத்துக்கொண்டு போய், அங்கே மடத்தில் மாற்றிக்கொண்டு பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைக்கலாம். நான் அப்படித்தான் செய்வது. வெளிக்கிட முன்னம் சால்வையின் நுனியை இழுத்து இடுப்பில் கட்டச் சொல்லுங்கோ, செயினும் சில்லும் பக்கத்தில்தான் சுற்றுகின்றன.