புல் வெட்டும் மிஷின் தலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்கிறார்கள், அவசரம்

தோப்பு_உச்சிப்புளி:
எல்லாருக்கும் வணக்கம். மிஷின் வாங்கிய கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஆங்கிலத் தாள் படமாக வந்திருக்கிறது. மிஷின் நுனியில் சுற்றி வெட்டுகிற தலையைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டுமாம், கழற்றித் திரும்பக் கொடுக்க வேண்டுமாம். போன் போட்டால் கடைக்காரர் எடுக்கவில்லை. நாளைக் காலை ஆள் வருகிறார், தோப்பில் புல் இடுப்பளவு நிற்கிறது. நாளை ஒரு நாள் மட்டும் ஓட்டிவிட்டு அப்புறம் கொடுக்கலாமா? கழற்றிப் பார்க்கலாம் என்றால் நட்டும் அசையவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம்_வாசி:
எந்தத் தலை? நைலான் நரம்பா, இரும்புத் தகடா? மிஷின் தோளில் மாட்டுவதா, தள்ளுவதா? தாளின் படத்தையும் போடுங்கள்.

உப்புக்காற்று:
நட்டு அசையாததற்குக் காரணம் உப்பு. உச்சிப்புளியில் வெளியே வைத்த எந்த நட்டும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் தட்டினால் வந்துவிடும்.

சாயல்குடிக்காரன்:
திரும்பக் கொடு என்பதெல்லாம் புது மாடல் விற்பதற்கான வழி. போனுக்கும் இப்படித்தான் செய்தார்கள். வேலையை முடித்துவிட்டு நிதானமாகக் கொடுங்கள்.

பழைய_மெக்கானிக்:
இந்தக் குழுவில் எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. மாடல் என்ன, எப்போது வாங்கியது, எந்த வகைத் தலை, இந்த மூன்றும் இல்லாமல் கேள்வி போடாதீர்கள். டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பீர்களா? முதலில் விவரம், அப்புறம் பதில்.

தோப்பு_உச்சிப்புளி:
மன்னிக்கவும் அண்ணே, அவசரத்தில் விட்டுவிட்டேன். தோளில் மாட்டுகிற மிஷின், 52 சிசி, இரண்டு ஸ்ட்ரோக். தலை சங்கிலித் தலை. நடுவில் வட்டத் தகடு, அதில் மூன்று துண்டுச் சங்கிலி, துண்டுக்கு நாலு கண்ணி. தோப்பு ஓரத்தில் சீமைக் கருவைக் கன்று நிறைய இருக்கிறது என்றேன், நரம்பு தாங்காது என்று கடைக்காரரே சேர்த்துக் கொடுத்தார். போன வருடம் வாங்கியது. பில்லைத் தேட வேண்டும்.

பழைய_மெக்கானிக்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். ஓட்டாதீர்கள். நாளை மட்டும் என்பதும் வேண்டாம்.

இது புது மாடல் விற்கிற தந்திரம் இல்லை, சாயல்குடித் தம்பி. பிரிட்டனில் இதே மாதிரித் தலையிலிருந்து சங்கிலித் துண்டு தெறித்து ஒரு உயிர் போயிருக்கிறது. அதற்குப் பிறகு 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் கையில் பிடிக்கும் பிரஷ் கட்டருக்கு, அதாவது உங்களுடையது மாதிரி மிஷினுக்கு, இப்படிக் கோர்த்த உலோகத் துண்டுத் தலைகளை விற்கவே கூடாது என்று முடிவெடுத்தது. ஒரு கம்பெனிக்கோ ஒரு மாடலுக்கோ போட்ட தடை இல்லை, அந்த வகைக்கே போட்டது. காரணம் எளிது. ஒரே தகடாக இருக்கிற பிளேடு கல்லில் பட்டால் மொத்தமாக அடி வாங்கும். கோர்த்த துண்டு என்றால் எந்தக் கண்ணி எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கீழக்கரை_கணக்கு:
அண்ணன் சொன்னதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சங்கிலி விரிந்து சுற்றும்போது விட்டம் 25 செ.மீ., தலை நிமிடத்துக்கு 7000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியின் வேகம் நொடிக்கு 91 மீட்டருக்கு மேல் வருகிறது, மணிக்கு ஏறக்குறைய 330 கி.மீ. ஒரு கண்ணி அந்த வேகத்தில் கிளம்பினால் மிஷினில் இருக்கிற தடுப்புக் கார்டும் நிறுத்தாது, கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியும் நிறுத்தாது. சாதாரண பிளேடுக்கே 15 மீட்டருக்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது என்று மிஷின் புத்தகத்தில் போட்டிருக்கும். உங்கள் தோப்பு ஓரமாகப் பாதை போகிறதா?

தோப்பு_உச்சிப்புளி:
போகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள்.

சாயல்குடிக்காரன்:
நான் இதே தலையை மூன்று வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. கருவைக்கு இதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

உப்புக்காற்று:
சாயல்குடி அண்ணே, ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு துண்டைக் கையில் எடுத்து, இரண்டு கண்ணிகள் உரசுகிற உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியே பூச்சு பளபளவென்று இருக்கும். உள்ளே உரசிய இடத்தில் பூச்சு போய், செம்மண் நிறத்தில் பொடி ஒட்டியிருக்கும். அதைத் துடைத்தால் அந்த இடம் மட்டும் தேய்ந்த மோதிரம் மாதிரி மெலிந்திருக்கும். நம் காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். படகு நங்கூரச் சங்கிலியில் வருடா வருடம் பார்க்கிறேன், அதுவாவது சும்மா கிடக்கிறது.

பரமக்குடி_விவசாயி:
கருவையை மேலே வெட்டுவதே தப்பு. வெட்ட வெட்ட நாலாகத் துளிர்க்கும். 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அகற்றச் சொன்னபோதும் வேரோடு எடுத்தவன்தான் பிழைத்தான், வெட்டியவன் நிலத்தில் மறுபடி காடு. ஜேசிபி வைத்துப் பிடுங்குங்கள்.

சாயல்குடிக்காரன்:
பிடுங்கு என்று சொல்வது சுலபம். எங்கள் பக்கம் எத்தனை குடும்பம் கரி மூட்டம் போட்டு அடுப்பெரிக்கிறது தெரியுமா? மழை பொய்த்த வருடம் சோறு போட்டது அந்த மரம்தான்.

பரமக்குடி_விவசாயி:
மறுக்கவில்லை. ஆனால் என் கண்மாய் உள்வாயில் தண்ணீர் நிற்க இடமில்லை. கரி உங்களுக்கு, தண்ணீர் யாருக்கு?

மண்டபம்_வாசி:
கருவைப் பேச்சைக் குழுவில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நாளைக் காலை வேலை இருக்கிறது, நட்டு இன்னும் கழலவில்லை.

பழைய_மெக்கானிக்:
நட்டு உப்பால் பிடிக்கவில்லை. எதிர்ப் பக்கம் திருப்புகிறீர்கள். பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் அங்கே இடது மரை. கடிகாரம் சுற்றுகிற திசையில் திருப்பினால்தான் கழலும். நீங்கள் இவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்திருப்பீர்கள். முதலில் மிஷின் கிளம்பாமல் இருக்க ஸ்பார்க் பிளக் தொப்பியைப் பிடுங்கிவிடுங்கள். கியர் பெட்டி ஓரத்தில் ஒரு துளை இருக்கும், அதில் ஆலன் கீ செருகித் தண்டைப் பூட்டிவிட்டுத் திருப்புங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

புல்லுக்கு நரம்பு போதும். கன்றுக்கு ஒரே தகடாக வரும் பிளேடு வாங்குங்கள், நடு ஓட்டையின் அளவு உங்கள் மிஷினுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கீழக்கரை_கணக்கு:
கடைக்காரர் பணம் தர மறுத்தால் 1915க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தையும் கொடு என்று உத்தரவு போடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. பில்லை மட்டும் எப்படியாவது தேடி எடுங்கள். தலையைக் கொடுக்கும்போது கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

தோப்பு_உச்சிப்புளி:
கழன்றுவிட்டது. இறுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். துடைத்துப் பார்த்தால் ஒரு கண்ணியில் முடி மாதிரிக் கீறல். நாளை நரம்புதான், கன்று அப்படியே நிற்கட்டும். எல்லாருக்கும் நன்றி.

உப்புக்காற்று:
கீறலைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். சாயல்குடி அண்ணனும் பார்க்கட்டும்.

பழைய_மெக்கானிக்:
கீறல் எந்தக் கண்ணியில், தகட்டுப் பக்கமா நுனிப் பக்கமா? அதையும் சொல்லுங்கள்.

திருப்புல்லாணி_புதியவன்:
இந்தப் பேச்சைத் தேடி வந்தேன். எனக்கும் அதே தாள் வந்திருக்கிறது, அதே சங்கிலித் தலை. உச்சிப்புளிக்காரரே, தலையைக் கொடுத்தீர்களா, பணம் வந்ததா? என்னிடம் பில் இல்லை.