பதில்: ‘இன்டர்கவர்ன்மென்ட்டல்’ அமைப்பு – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அரசுகளே உறுப்பினர்களாக இருக்கிற ‘இன்டர்கவர்ன்மென்ட்டல்’ அமைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழை நீண்டுவிட்டதால், உங்கள் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு உலக வானிலை அமைப்பை வைத்துக்கொள்கிறேன். ஐ.நா.வை எடுத்தால் பேச்சு அரசியலுக்குப் போய்விடும். இது மழை, காற்று சமாச்சாரம், சண்டை குறைவு.

> ‘பன்னாட்டு அமைப்பு’ ஏற்கெனவே இருக்கிறதே. புதிதாக எதற்கு?

இருக்கிறது. ஆனால் அது வேறு கேள்விக்கு விடை. பல நாடுகளில் விரிந்தது என்பது மட்டும் அதில் தெரிகிறது, உள்ளே யார் உட்கார்ந்து கை தூக்குகிறார்கள் என்பது தெரியவில்லை. ஜெனீவாவில் அவென்யூ த லா பே என்று ஒரு தெரு. உலக வானிலை அமைப்பின் தலைமையகம் அங்கேதான். செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுவும் அதே தெருவில்தான். முதலாவதில் உறுப்பினராக இருப்பவை அரசுகள். இரண்டாவது, சுவிஸ் குடிமைச் சட்டத்தின் கீழ் அமைந்த தனியார் சங்கம். அதை ஆளும் அவையில் இருப்பவர்கள் அனைவரும் சுவிட்சர்லாந்துக் குடிமக்கள். வேலை உலகம் முழுக்க, முடிவெடுப்பவர்கள் ஒரே நாட்டார்! இரண்டையும் ‘பன்னாட்டு’ என்று எழுதிவிட்டுப் போனால் படிக்கிற மாணவன் இரண்டும் ஒரே வகை என்றுதான் நினைப்பான்.

வானிலை அமைப்பின் வரலாற்றிலேயே இந்த வேறுபாடு கிடக்கிறது. 1873இல் வியன்னாவில் கூடிய வானிலையாளர்கள் தொடங்கி வைத்த ‘பன்னாட்டு வானிலை அமைப்பு’ ஒன்று முன்பு இருந்தது. அதில் இருந்தவர்கள் அந்தந்த நாட்டு வானிலைத் துறை இயக்குநர்கள். துறைத் தலைவர்களாக வந்தார்களே தவிர, அரசின் பெயரால் வாக்குக் கொடுக்க வரவில்லை. கூடினார்கள், தீர்மானம் போட்டார்கள். ஊர் திரும்பியபின் அதை நிறைவேற்றச் சொல்லி எந்த அரசையும் கட்டாயப்படுத்த வழியில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1947 அக்டோபரில் வாஷிங்டனில் உடன்படிக்கை கையெழுத்தானது. 1950 மார்ச் 23இல் நடைமுறைக்கு வந்தது. உலக வானிலை நாள் கொண்டாடுவது அந்தத் தேதியில்தான். அடுத்த ஆண்டு அது ஐ.நா.வின் சிறப்பு முகமையாகவும் ஆனது. வேலை அதே வேலை. மாறியது உறுப்பினர் நாற்காலி. இயக்குநர் இருந்த இடத்துக்கு அரசு வந்தது. அந்த மாற்றத்தைச் சொல்லும் சொல்லைத்தான் தேடுகிறோம்.

> ‘நாடுகளிடை அமைப்பு’ என்றால் எளிதாகப் புரியுமே?

புரியும், ஆனால் ஹாங்காங்கில் இடிக்கும். வானிலை அமைப்பில் 193 உறுப்பினர்கள். அதில் 187 நாடுகள் போக மீதி ஆறும் ஆட்புலங்கள், அதாவது தனி நாடாக இல்லாத ஆட்சிப் பகுதிகள். ஹாங்காங்கும் மக்காவும் தனித்தனி உறுப்பினர்கள், ஏனென்றால் அவற்றுக்குத் தனி வானிலைச் சேவை இருக்கிறது. உடன்படிக்கையைத் திருத்தவும் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் நாடுகளாக உள்ள உறுப்பினர்களுக்கு மட்டுமே வாக்கு. மற்றபடி ஆட்புலங்களுக்கும் வாக்கு உண்டு. நாடு இல்லை, ஆனால் ஓர் அரசு இருக்கிறது. ஆகவே ‘அரசு’ என்ற சொல் உள்ளே வந்தே ஆக வேண்டும்.

> அப்படியானால் ‘அரசிடை’. கோளிடை, விண்மீனிடை போல.

கட்டமைப்பு அழகுதான். எனக்கும் முதலில் பிடித்திருந்தது. சிக்கல் என்னவென்றால் ‘இடை’ ஏழாம் வேற்றுமை உருபாகவும் வரும். ‘அரசிடை முறையிட்டனர்’ என்றால் அரசிடம் போய் முறையிட்டார்கள் என்றுதானே பொருள்? கோளுக்கு இந்தக் குழப்பம் வராது, கோளிடம் யாரும் மனு கொடுப்பதில்லை. பன்மையாக்கி ‘அரசுகளிடை’ என்றால் இந்தக் கஷ்டம் தீர்ந்துவிடுகிறது. யாராவது அதை வேற்றுமை உருபாகவே படித்தாலும் ‘அரசுகளுக்குள்’ என்ற பொருள்தான் வரும், தப்பில்லை.

> எங்களிடம் அரசு என்றால் ஸ்டேட். கவர்ன்மென்ட் என்பது அரசாங்கம். ‘அரசாங்கங்களுக்கிடையிலான’ என்றே இலங்கையில் எழுதி வருகிறோம், ஐயா.

உங்கள் வழக்குத் துல்லியமானது, மறுக்கவில்லை. எங்கள் பக்கம் ‘அரசு’ இரண்டுக்கும் ஒன்றாகவே ஓடுகிறது, போதாக்குறைக்கு மாநில அரசும் அதற்குள் வந்துவிடும். ஆனால் பத்து எழுத்தைத் தாண்டிய பெயரடையை ஒரு தலைப்பில் மூன்று முறை எழுதச் சொன்னால் உதவி ஆசிரியர் வெட்டிவிடுவார், ‘சர்வதேச’ என்று போட்டுவிட்டுப் போவார். சட்ட ஆவணத்தில் நீங்கள் சொல்வது நிற்கட்டும். பாடநூலுக்கும் செய்திக்கும் ‘அரசுகளிடை அமைப்பு’ போதும்.

அப்புறம், உறுப்புகளின் பெயர். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா உறுப்பினர்களும் கூடுகிற உச்ச அவைக்கு ‘காங்கிரஸ்’ என்று பெயர். அதை அப்படியே எழுதினால் கட்சி அலுவலகமான சத்தியமூர்த்தி பவன்தான் கண்ணில் வரும், ‘பேரவை’ என்றால் சட்டப்பேரவை கூடும் தலைமைச் செயலக வளாகம். நான் ‘மாமன்றம்’ என்பேன். ஆண்டுதோறும் கூடும் 37 பேர் அவைக்குச் ‘செயற்குழு’ பொருந்தும். தலைவர், துணைத் தலைவர்கள் மூவர், வட்டாரத் தலைவர்கள் ஆறு பேர், தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர்கள் 27 பேர். அரசுகளின் அமைப்புக்குள்ளே பழைய ‘இயக்குநர்கள்’ இப்படித் திரும்பி வந்துவிட்டதைக் கவனியுங்கள். இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியும் தூதர் அல்ல, இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநர்தான்.

உறுப்பினர்கள் வட்டாரவாரியாகக் கூடுகிற ஆறு அவைகளை ‘வட்டாரச் சங்கங்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘சங்கம்’ வேண்டாம், தொழிற்சங்க வாடை. ‘வட்டாரக் கழகம்’ என்று சொன்னால் அதற்கும் கட்சி வாடை என்பீர்கள், தெரியும். ‘வட்டார அவை’ என்று வைத்துக்கொள்வோம். கண்டத்தை வைத்து ‘கண்ட அவை’ என்று மட்டும் தொடங்க வேண்டாம். இந்தியாவும் இலங்கையும் ஆசிய வட்டாரத்தில் இருக்கின்றன, ஆனால் மலேசியாவும் சிங்கப்பூரும் தென்மேற்குப் பசிபிக் வட்டாரத்தில்! ‘தொழில்நுட்ப ஆணையங்கள்’ எட்டு இருந்தன, 2019இல் இரண்டாகச் சுருக்கினார்கள். ஒன்று அளவீட்டுக் கட்டமைப்பைப் பார்க்கிறது, மற்றது மக்களுக்கான சேவைகளை. ‘ஆணையம்’ என்ற பெயரில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

> இந்த அமைப்பு அப்படி என்னதான் செய்கிறது? புயலுக்குப் பெயர் சூட்டுவதைத் தவிர?

நியாயமான கேள்வி. இந்த அமைப்பின் உலகளாவிய எண்வரிசையில் சென்னை மீனம்பாக்கத்து வானிலை நிலையத்தின் எண் 43279. தெற்கு ஆசியாவின் நிலையங்கள் பலவும் இப்படி 43 என்றே தொடங்கும், கொழும்பு 43466. நமக்கு அதிகாலை ஐந்தரை என்பது உலக நேரத்தில் பூச்சியம். அந்த வேளையை ஒட்டி உலகெங்கும் பலூன் மேலே போகிறது, வெப்பமும் ஈரமும் காற்றும் ஒரே குறியீட்டில் எழுதப்பட்டு எல்லா நாடுகளுக்கும் போகின்றன. பகையாக இருக்கிற இரண்டு நாடுகளும் இதை மட்டும் ஒருவருக்கொருவர் தந்துகொண்டிருக்கும். எந்த நேரத்தில் அளப்பது, எந்தக் குறியீட்டில் அனுப்புவது, எதை இலவசமாகத் தருவது என்பதையெல்லாம் மாமன்றமும் ஆணையங்களும்தான் முடிவு செய்கின்றன.

பெயர் சூட்டுவதும் அந்தக் குடையின் கீழ்தான் நடக்கிறது. வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களுக்கு 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்த 169 பெயர்ப் பட்டியல் 2020இல் வந்தது. உருவாகிற புயலுக்கு வரிசைப்படி பெயர் வைப்பது டெல்லியில் உள்ள மையம். இந்தியா கொடுத்ததில் மூன்றாவது பெயர் ‘முரசு’, கலைச்சொல் குழு எதுவும் கூடாமலே உள்ளே போய்விட்டது.

ஆக என் வாக்கு: அரசுகளிடை அமைப்பு, மாமன்றம், செயற்குழு, வட்டார அவை, தொழில்நுட்ப ஆணையம், செயலகம். மாற்றுக் கருத்து இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், அதன் பிறகு பாடநூல் நண்பருக்கு அனுப்பிவிடலாம். ‘மாமன்றம்’ மாநகராட்சிக்கு உரியது என்று மதுரைக்காரர்கள் யாராவது சண்டைக்கு வந்தால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.