தம்பியின் வட்டிலை அக்காதான் எடுக்க வேண்டுமா? வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைத் தாய்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் கணவரின் பெற்றோருடன் வசிக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. இருவரும் அரசுப் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவில் படிக்கிறார்கள். மாமியாரும் மாமனாரும் பேரப்பிள்ளைகள் இருவர் மீதும் உயிரையே வைத்திருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம், இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் அவர்களைக் கொடுமைக்காரர்களாக எண்ணிவிடக் கூடாது என்பதுதான்.

இரவு உணவு முடிந்ததும் மாமியார், “அம்மிணி, தம்பி வட்டலையும் சேத்து எடுத்துட்டுப் போ கண்ணு” என்பார். மகளும் எடுத்துக்கொண்டு போவாள். நானும் பிறந்த வீட்டில் தம்பியின் வட்டிலை எடுத்து வளர்ந்தவள்தான் என்பதால், இத்தனை ஆண்டுகளாக இது என் கண்ணில் படவே இல்லை. சென்ற வாரம் மகள் காய்ச்சலாகப் படுத்திருந்தாள். அன்று மகன் சாப்பிட்டு முடித்த பிறகும், சோற்றுப் பருக்கை காய்ந்துபோன கையோடு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஏன் எழவில்லை என்று கேட்டதற்கு, “அக்காவுக்குக் காய்ச்சல் ஆச்சே, வட்டலை யாரு எடுப்பாங்க?” என்றான். அந்தக் கேள்வியில் திமிர் துளியும் இல்லை. உண்மையிலேயே அவனுக்கு விடை தெரியவில்லை. அதுதான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை.

அதே பையன் விடியற்காலையில் என்னோடு எழுந்து வாசலில் கோலம் போட வருகிறான். ஐந்து புள்ளிச் சிக்குக் கோலத்தைக் கையெடுக்காமல் இழுத்து முடிக்கிறான். மகளுக்கோ அதில் நாட்டமே இல்லை. மாமனார் பார்த்துவிட்டு, “பொட்டப்புள்ள வேலை உனக்கு எதுக்கு சாமி?” என்று மாவுக் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டார். அன்று முதல் அவன் படுக்கையை விட்டு எழுவதில்லை. வாய்க்கால் கரை வழியாகச் சைக்கிளில் கடைக்குப் போய் வர அவனுக்கு அனுமதி உண்டு. அவனைவிட மூன்று வயது மூத்தவளுக்கு இல்லை.

கணவரிடம் சொன்னால், “சின்ன விஷயம், பெரிதாக்காதே” என்கிறார். பெரியவர்கள் மனம் நோகாமல், பிள்ளைகள் முன்னால் வாக்குவாதம் செய்யாமல், இதை எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சித்தூர்

உங்கள் மாமனார் சொன்னது அவருடைய சொந்தக் கருத்து அன்று. நம் இலக்கியமே பிள்ளைகளை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலார்க்கும் பொது. குழந்தை நிலவைக் கூப்பிடும் வரைக்கும் ஆண் என்றும் பெண் என்றும் வேறுபாடு இல்லை. அதன் பிறகு பெண்பிள்ளைக்குக் கழங்கும் அம்மானையும் ஊசலும், ஆண்பிள்ளைக்குச் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் என்று வழி பிரிகிறது. இதில் சிற்றில் பருவத்தைச் சற்று நின்று பாருங்கள். பெண்பிள்ளைகள் மணலில் சிறுவீடு கட்டி விளையாடுகிறார்கள். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அதைக் காலால் சிதைக்க வருகிறான். சிதைத்துவிடாதே என்று அவர்கள் அவனைக் கெஞ்சுகிறார்கள். நாற்பது மாணவர்கள் அமர்ந்திருந்த வகுப்பில் இதை ஆண்டுதோறும் சுவைபட நடத்தியவன் நான். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, “அவனும் சேர்ந்து கட்டினால் ஆகாதா ஐயா?” என்று கேட்டாள். செய்யுள் மரபு அது என்று சொல்லி உட்கார வைத்தேன். இன்று கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டேன்.

கோலத்துக்கு வருகிறேன். நம் பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோவில்களில் களமெழுத்துப் பாட்டு நடக்கும்போது, தரையில் அம்மன் உருவத்தை எழுதுகிறவர்கள் பரம்பரையாக ஆண்களே. வெள்ளைக்கு அரிசிமாவு, மஞ்சளுக்கு மஞ்சள்தூள், கறுப்புக்கு உமிக்கரி, பச்சைக்கு இலைப்பொடி, மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்தால் சிவப்பு. இவற்றை விரலிடுக்கில் எடுத்து மணிக்கணக்காக இழைக்கிறார்கள். ஓணத்துக்குப் பூக்களம் இடும்போதும் தெருப் பையன்கள் எல்லாரும் முட்டி போட்டு உட்கார்ந்துதான் இதழ் அடுக்குகிறார்கள். உங்கள் மாமனாரிடம் வாதாட வேண்டாம். அடுத்த முறை களமெழுத்து நடக்கும் கோவிலுக்குப் பேரனை அழைத்துப் போகும்படி அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகு மாவுக் கிண்ணத்தை அவரே எடுத்துக் கொடுத்தாலும் கொடுப்பார்.

பதில் 2: குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவர், பாலக்காடு

சைக்கிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நியூயார்க்கில் நடத்தப்பட்டு 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், பதினொரு மாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம் ஒரு சரிவுப் பலகையைக் காட்டி, உங்கள் குழந்தை எவ்வளவு செங்குத்தான சரிவில் தவழ்ந்து இறங்கும் என்று கேட்டார்கள். ஆண்குழந்தையின் தாய்மார்கள் உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னார்கள்; பெண்குழந்தையின் தாய்மார்கள் குறைத்துச் சொன்னார்கள். பிறகு குழந்தைகளையே இறங்க விட்டபோது இருபாலாருக்கும் திறமையில் வேறுபாடு தெரியவில்லை. வாய்க்கால் கரையில் நீங்களே ஒரு நாள் மகளுக்குப் பின்னால் நடந்து போய், எங்கே தடுமாறுகிறாள் என்று பாருங்கள். தடுமாறவில்லை என்றால் அனுமதி மறுக்கக் காரணம் இல்லை.

உடையையும் கவனியுங்கள். எறணாகுளம் மாவட்டம் வளையஞ்சிறங்கரை அரசுத் தொடக்கப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டையும் முக்கால் கால்சட்டையும் சீருடையாக்கியது 2021-இல் பரவலாகப் பேசப்பட்டது. பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சைக்கிள் ஓட்டும் சிறுமியைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

பதில் 3: வண்ணாமடைப் பாட்டி

எனக்கு வயது அறுபத்து மூன்று. உங்கள் மாமியாரின் இடத்தில் இருந்து எழுதுகிறேன். பெண்பிள்ளையை வட்டில் எடுக்கச் சொல்வது அவள் மேல் பிரியம் இல்லாததால் அன்று. போகிற வீட்டில், “உங்க அம்மா என்ன சொல்லிக் கொடுத்தாங்க?” என்ற ஒரு சொல் என் மகள் காதில் விழுந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் நானும் அவளை அப்படி வளர்த்தேன். அந்தச் சொல்லை நான் பதினெட்டு வயதில் கேட்டிருக்கிறேன். ஆகவே எங்களை முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

ஆனால் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. அடுப்பின் பக்கமே போகக் கூடாது என்றார்கள். கண்ணில் மறைப்புடன் திண்ணையில் படுத்திருந்த என்னிடம் வீட்டுக்காரர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து, உப்பு எங்கே, சீரகம் எது, குக்கர் எத்தனை விசில் என்று கேட்டார். இடமிருந்து மூன்றாவது டப்பா என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன். முதல் நாள் ரசத்தில் சீரகத்துக்குப் பதில் சோம்பு விழுந்தது. ஒரு வாரத்தில் தேறிவிட்டார். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ள முடிந்ததை நாற்பது வருடம் கற்றுக்கொடுக்காமல் விட்டது அவருடைய அம்மாவும் நானும்தான். உங்கள் மாமியாரிடம், “அத்தை, நாளைக்குத் தம்பி வேலைக்கென்று பெங்களூரில் தனியாக அறை எடுத்தால் யார் பார்ப்பார்கள்?” என்று கேளுங்கள். நியாயம் என்ற பெயரில் வருவதைவிடப் பேரனின் வயிறு என்ற பெயரில் வந்தால் எங்களுக்குச் சீக்கிரம் உறைக்கும்.

பதில் 4: கஞ்சிக்கோட்டில் பணிபுரியும் ஒரு தந்தை

எல்லாரும் மாமனார் மாமியாரையே சுற்றி வருகிறீர்கள். கேள்வியில் ஒரு வரி இருக்கிறது: “சின்ன விஷயம், பெரிதாக்காதே.” அந்த வரியை நானும் சொல்லியிருக்கிறேன் என்பதால் என் பார்வை அங்கேயே நிற்கிறது. 2019-இல் நாடு முழுவதும் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கை வைக்கிற ஆண்களின் சராசரிதான். கை வைக்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் புதிய பாடநூலில் தந்தை தேங்காய் துருவுவதாகப் படம் போட்டது 2024-இல் செய்தியானது. நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் அப்பா துருவாமல் புத்தகத்தில் மட்டும் துருவினால், பையன் அதைத் திமிங்கிலத்தின் படத்தைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பான். உங்கள் மகன் வட்டிலோடு உட்கார்ந்திருந்த அன்று உங்கள் கணவரின் வட்டிலை யார் எடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மகனுக்குப் புதிய சட்டம் போடுவதற்கு முன், கணவரைத் தன் வட்டிலைத் தானே எடுத்துக் கழுவச் சொல்லுங்கள். அறிவிப்பு, விளக்கவுரை எதுவும் வேண்டாம். மகளுக்கு, “இனி நீ எடுக்காதே” என்றும் சொல்லாதீர்கள். பாட்டி சொல்லைத் தட்டிய பழி குழந்தையின் தலையில் விழும். ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வந்து தனியாகச் சாப்பிட்ட நாட்களில்தான் நான் இதைத் தொடங்கினேன், யாரும் பார்க்காத நேரம் என்பதால். பகலில் செய்வதற்கு மேலும் ஆறு மாதம் பிடித்தது.

கேட்டவரின் மறுமொழி: கொழிஞ்சாம்பாறைத் தாய்

அனைவருக்கும் நன்றி. கடைசிப் பதிலைப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அன்று கணவரின் வட்டிலை எடுத்தது நான். அதை எழுத வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பதில்கள் எல்லாவற்றையும் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் கைபேசியைத் திருப்பித் தந்தார்.

நேற்றிரவு சாப்பிட்டதும் அவர் தம் வட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாமியார், “வெச்சிட்டுப் போ தம்பி, அம்மிணி எடுப்பா” என்றார். “இருக்கட்டும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறக் குழாயடிக்குப் போனார். மகன் அப்பாவின் முதுகைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். பிறகு ரசம் தளும்பும் வட்டிலை இரு கையாலும் ஏந்திக்கொண்டு, திண்ணை முழுக்கச் சொட்டவிட்டபடி அப்பாவின் பின்னால் போனான். திண்ணையைத் துடைக்க மகள் துணியோடு எழுந்தாள். மாமியார் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, “சிந்துனவன் வரட்டும்” என்றார்.

மாமனார் மட்டும் இன்னும் கோபமாக இருக்கிறார். களமெழுத்து எந்தக் கோவிலில் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சித்தூர்ப் பக்கம் தெரிந்தவர்கள் தேதி சொன்னால் உதவியாக இருக்கும்.