‘சாவடிச் சோதனை’: விமான நிலையச் சோதகரின் வரம்புக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். விமான நிலையத்தில் பயணிகளையும் பைகளையும் பார்த்து அனுப்பும் ‘ஸ்கிரீனிங்’ வேலைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சில் வந்த ஒரு கருத்துக்கு என் பதில் இது.

> ‘ஸ்கிரீனிங்’ என்பதற்கு ‘வடிகட்டல்’ போதும். ‘சோதனை’ என்றாலே போலீஸ் சோதனைதான் நினைவுக்கு வருகிறது.

ஈரோட்டு அண்ணன் எழுதிய இந்த வரியை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்லும் குறை உண்மை. பேருந்தில் பையைத் திறந்து பார்த்தாலும் சோதனை, வருமான வரிக்காரர்கள் வீட்டுக்குள் வந்தாலும் சோதனை, ரத்தம் எடுத்தாலும் சோதனை, கஷ்டம் வந்தால் அது சாமி தரும் சோதனை. இத்தனையையும் ஒரே சொல் சுமக்கிறது. ஆனால் ‘வடிகட்டல்’ வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் இது எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். என் மச்சான் திருப்பூரில் நிட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறார். பழைய மெஷின் ஒன்றை வடக்கே விற்றுவிட்டு ஒன்றரை லட்சம் ரூபாயோடு விமானத்தில் திரும்பினார். வழியில் ஒரு விமான நிலையத்தில் பணத்தைப் பற்றிக் கேட்டார்கள், சரி. அதற்கப்புறம் அவருடைய கணக்கு நோட்டை எடுத்து, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறார்கள். “மறுத்துக் கேட்கலியா?” என்றேன். “சோதனைன்னா எல்லாத்தையும் பார்ப்பாங்கதானுங்க?” என்றார். அவரைப் பேசாமல் நிற்க வைத்தது அந்தச் சொல்தான். கத்தியும் வெடிமருந்தும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், கணக்கு நோட்டைப் படிப்பதற்கும் தமிழில் தனித்தனிப் பெயர் இருந்திருந்தால் ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பார்.

அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டைத்தான் அரை நூற்றாண்டாகச் செதுக்கி வருகின்றன. அந்நாட்டு அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் நியாயமற்ற சோதனையையும் கைப்பற்றுதலையும் தடுக்கிறது. விமான நிலையத்தில் நீதிமன்ற ஆணையோ (வாரண்ட்) சந்தேகமோ இல்லாமல் எல்லோரையும் சோதிக்க எப்படி முடிகிறது? 1973இல் அந்நாட்டின் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்ட (சர்க்யூட்) மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு காரணம் சொன்னது. அது குற்றத்துக்குச் சான்று தேடும் வேலை அல்ல, ஆயுதமும் வெடிபொருளும் விமானத்தில் ஏறாமல் தடுக்கும் ஏற்பாடு. அந்த நோக்கத்துக்கு வேண்டிய அளவைத் தாண்டாத வரை செல்லும். தாண்டினால்? 2009இல் ஒஹையோவில் ஒரு வழக்கு. பயணியின் பையில் இருந்த உறைகளைப் பிரித்தபோது வேறு பெயர்களில் கடவுச்சீட்டுகள் கிடைத்தன. ஆயுதம் தேடுவதற்கு அந்த உறைகளைப் பிரிக்கத் தேவையில்லை என்று சொல்லி, நீதிமன்றம் அந்தச் சான்றை ஒதுக்கிவிட்டது. அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் ஓர் இளைஞர் 4,700 டாலர் ரொக்கத்தோடு பிடித்துவைக்கப்பட்டு, பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கப்பட்டார். வழக்குத் தொடுத்தார். போக்குவரத்துப் பாதுகாப்போடு தொடர்பில்லாத குற்றங்களைத் துருவுவதற்குச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த ஆண்டே, சோதகர்களை நடத்தும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பிடமிருந்து (டிஎஸ்ஏ) புதிய உத்தரவு வந்தது. என் மச்சான் கதையும் அவர் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி, ‘வடிகட்டல்’ ஏன் ஆகாது? அது மென்மையான சொல். மாவு சலிப்பதுபோல, டீ வடிப்பதுபோல, யாருக்கும் எதுவும் நடக்கவில்லை என்ற எண்ணத்தைத் தருகிறது. 2019இல் பிலடெல்பியாவில் உள்ள மூன்றாம் வட்ட நீதிமன்றத்தின் முழு அமர்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. விமான நிலையச் சோதகர்கள் செய்வது சட்டத்தின் பார்வையில் சோதனையேதான், ஆகவே அவர்கள் வேண்டுமென்றே இழைக்கும் தீங்குக்கு அரசின் மேல் இழப்பீட்டு வழக்குப் போடலாம் என்றது. ‘வடிகட்டல்’ என்று பெயர் வைத்தால் இந்தத் தீர்ப்பைத் தமிழில் சொல்லவே முடியாது. உடம்பைத் தொட்டு, பையைத் திறந்து பார்க்கிறார்கள் என்பதைச் சொல் மறைக்கக் கூடாது. அதனால் ‘சோதனை’ இருக்க வேண்டும். அதன் வரம்பும் கூடவே தெரிய வேண்டும்.

சட்ட நூல்களில் இதற்குப் புழங்கும் ‘அட்மினிஸ்ட்ரேடிவ் சர்ச்’ என்ற ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்தால் ‘நிருவாகத் தேடுதல்’ என்று வரும். நிருவாகத்தைக் காணோம் என்று தேடுவதுபோல இருக்கிறது. விட்டுவிடுவோம்.

நம் ஊரிலேயே நல்ல சொல் கிடக்கிறது. பாலக்காட்டுக்குப் போன எல்லோரும் வாளையார் சோதனைச்சாவடியில் நின்றிருப்போம். சாவடி என்றால் ஓர் இடம். அங்கே நிறுத்திப் பார்க்கலாம். சாவடியில் நிற்பவர் என் வீடு வரை பின்னாலேயே வந்து பீரோவைத் திறக்க முடியாது என்பது லாரி ஓட்டுநருக்கும் தெரியும். சொற்களை முன்பின் மாற்றி ‘சாவடிச் சோதனை’ என்று வைப்போம். செய்பவர் ‘சாவடிச் சோதகர்’. சான்று தேடுவதற்கு ‘துப்புத்தேடல்’. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு ‘நோக்கவரம்பு’. ‘தடச்சோதனை’ என்றும் யோசித்தேன், நாம் வழியைத் தடம் என்றுதானே சொல்கிறோம். ஆனால் மற்ற ஊர்க்காரர்களுக்குத் தடயம் நினைவு வரும், பொருள் தலைகீழாகிவிடும்.

ஒரு சிக்கல். அமெரிக்கச் சோதகருக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது, போலீசைத்தான் கூப்பிட வேண்டும். பீளமேட்டில், நம் கோவை விமான நிலையத்தில், நம்மைச் சோதிப்பவர்கள் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர். 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குச் சில சூழல்களில் ஆணையில்லாமல் கைது செய்யும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. கைது செய்தவரைத் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். எனவே இங்கே ‘சோதகர்’ என்பது பதவிப் பெயராகாது, அந்த நேரத்தில் அவர் செய்யும் வேலையின் பெயர் மட்டுமே. தங்கம் சிக்கினால் சுங்கத்துறையை அழைக்கிறார்கள். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி, உடல் சோதனைக்கு உள்ளாகும் ஒருவர், உயரதிகாரி முன்போ நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்போ அழைத்துப் போகச் சொல்லிக் கேட்கலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். ஆள் மாறுகிறார், சட்டம் மாறுகிறது. தமிழில் மட்டும் சொல் மாறாமல் இருக்கிறது.

நம் அரசியலமைப்பில் நான்காம் திருத்தம் போல ஒன்று இல்லை என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆம் பிரிவுக்குள் அடங்கிய உரிமை என்றார்கள். அரசு அதில் கைவைக்கச் சட்டம் வேண்டும், முறையான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு ஏற்ற அளவும் வேண்டும். ஆகவே ‘நோக்கவரம்பு’ அமெரிக்கத் தீர்ப்புகளுக்கு மட்டும் உதவும் சொல்லாக இருக்காது.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்க. பயணிகளுக்கான இரண்டு பக்கக் கையேட்டில் இந்தச் சொற்களைப் போட்டு அச்சுக்குத் தரலாம் என்றிருக்கிறேன். ஈரோட்டு அண்ணன் ‘துப்புத்தேடல்’ பற்றி என்ன நினைக்கிறார் என்று முக்கியமாகத் தெரிய வேண்டும். எனக்கே அதில் இன்னும் முழுத் திருப்தி இல்லை.

அன்புடன்,
கோவையிலிருந்து