1932 கலட்ராவாவைப் போன்ற மணிக்கூடொன்றை வீட்டிலேயே பூட்ட முடியுமா?

கேள்வி (கிளிநொச்சி): சுவிற்சர்லாந்தின் பற்றெக் பிலிப் நிறுவனம் 1932இல் வெளியிட்ட கலட்ராவா 96, ஏறத்தாழ 31 மில்லிமீற்றர் விட்டமுள்ள எளிய வட்டக் கைமணிக்கூடு. அதன் அடக்கமான அழகில் மனதைப் பறிகொடுத்த நான், பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, அதையொத்த ஒன்றை என் கையாலேயே பூட்ட விரும்புகின்றேன். சீனாவின் சீகல் நிறுவனத்தின் எஸ்டி36 இயந்திரம் பொருந்துமா?

பதில் (வவுனியா): பொருந்தாது, தம்பி. அவ்வியந்திரத்தின் விட்டமே 36.6 மி.மீ. என்பதால், நீங்கள் விரும்பும் வெளிக்கூட்டைவிட அதுவே பெரிது. சுவிற்சர்லாந்தின் ஈடிஏ நிறுவனத்தின் 7001 இயந்திரத்தைத் தேடுங்கள். 23.3 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும் கொண்ட, கையால் முறுக்கும் அவ்வியந்திரத்தில், சிறிய விநாடி முள் கலட்ராவாவில் உள்ளதுபோலவே ஆறு மணிப் பக்கத்தில் அமைந்திருக்கின்றது. முகப்பில் பற்றெக்கின் பெயரை மட்டும் அச்சிடாதீர்கள். அதைப் பூட்டுபவர் நீங்கள்.

பதில் (மாங்குளம்): முட்களின் துளை அளவை, அவை பொருந்தவேண்டிய இயந்திர அச்சுகளின் அளவோடு வாங்குமுன்பே ஒப்பிடுங்கள், நான் அவ்வாறு செய்யாததால், அழகான ஒரு சோடி முட்கள் இன்றும் பெட்டியில் கிடக்கின்றன. எங்கள் செம்மண் புழுதியைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். சோளகக் காற்று வீசும் பகலில் இயந்திரத்தைத் திறக்காமல், அதிகாலையில் கதவுகளைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திய பின்னரே முகப்பைத் தொடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. முதலில் பழைய மணிக்கூடொன்றைக் கழற்றிப் பூட்டிப் பழகுகின்றேன்.