வெளிநாட்டில் பெண்ணியல் முதுகலை: நோக்க அறிக்கையில் எதை எழுதுவது, பணத்துக்கு என்ன வழி?

மன்னார்குடி மாணவி:
எம்.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். அடுத்து வெளிநாட்டில் பெண்ணியல் படிக்க ஆசை. அம்மா நடவு, களை வேலைக்குப் போகிறவர், சொந்த நிலம் கிடையாது, அதனால் முழு உதவித்தொகை இல்லாமல் யோசிக்கவே முடியாது. எஸ்.ஓ.பி., அதாவது நோக்க அறிக்கை, இரண்டு பக்கம் எழுதிவிட்டேன், பெரியார், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் எல்லாரும் வந்துவிட்டார்கள், ஆனால் படித்தால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. எதை வைப்பது, எதை எடுப்பது? இலக்கியம் படித்தவளை எடுப்பார்களா?

கும்பகோணத்து அக்கா:
இலக்கியக்காரர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர், அந்தக் கவலையை விடு. அம்மையார் தேவதாசி முறையை எதிர்த்தார், 1947இல் சட்டம் வந்தது, இதெல்லாம் யாரும் தேடி எடுத்துக்கொள்ளலாம். நீ பார்க்கிற இடத்திலிருந்து எழுது தங்கச்சி. டெல்டாவில் நாற்று நடுவது காலங்காலமாகப் பெண்கள் வேலை, பெண் வேலை என்பதால்தான் கூலியும் குறைவு. இப்போது மேற்கு வங்கத்திலிருந்து ஆண்கள் குழுவாக வந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நட்டுத் தருகிறார்கள், இன்னொரு பக்கம் நடவு மிஷின். அதே வேலையை ஆண் குனிந்து செய்தால் கூலிக் கணக்கு எப்படி மாறுகிறது, நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எங்கே போனார்கள், நூறு நாள் வேலைக்கா, திருப்பூருக்கா? இந்த ஒரு கேள்வியை முதல் பத்தியில் வை, மேடைப் பேச்சு தானாகப் போய்விடும். சாதியை விட்டுவிடாதே. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்களை எரித்தது கூலிப் பிரச்சினையில்தான், செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மிராசுதார் வீட்டுப் பெண்ணையும் நடவுக்காரியையும் ஒன்றாக வைத்து எழுதினால் விவரம் தெரிந்த பேராசிரியர் அங்கேயே பிடித்துவிடுவார்.

மாயவரத்தான்:
அக்கா சொன்ன தலைப்பு அருமை, ஆனால் பணம் அங்கேதான் இடிக்கும். நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பம் என்றால் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு மனுப் போடலாம், குடும்ப வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் 2022இல் விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வுத் தலைப்புகளுக்குக் கிடையாது என்று வைத்தார்கள். கூலிக்காரர் மகள் போகலாம், கூலிக்காரரைப் பற்றிப் படிக்கக்கூடாது, என்ன நியாயமோ! புது அறிவிப்பை வரி விடாமல் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஒரு வருட முதுகலைக்கு முழுச் செலவும் தரும், ஆனால் 2800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் இரண்டு வருடம் ஊர் திரும்பி இருக்க வேண்டும். ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் ஜெம்மா என்ற பெண்ணியல் முதுகலை இரண்டு வருடப் படிப்பு, இரண்டு நாட்டில் படிக்கலாம், உதவித்தொகை இந்த வருடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். அமெரிக்காவில் எம்.ஏ.வுக்குப் பணம் கிடைப்பது அபூர்வம், பிஎச்.டி.க்குத்தான் கட்டண விலக்கும் மாதச் சம்பளமும்.

மன்னார்குடி மாணவி:
நன்றி அண்ணா, அக்கா. வேலை அனுபவம் இல்லாததால் செவனிங் இப்போதைக்கு இல்லை. இன்னொன்று, அம்மாவைக் காட்டி இடம் வாங்குவது மாதிரி ஆகிவிடுமோ என்று கூச்சமாக இருக்கிறது.

தஞ்சை வாத்தியார்:
கூச்சம் நியாயம்தான். அம்மாவின் கஷ்டத்தைக் கண்ணீராக எழுதாதீர்கள், எழுதினால் உதவித்தொகைக் குழு இரக்கப்படும், துறை தேர்வு செய்யாது. அவருக்குத் தெரிந்ததை எழுதுங்கள்: கூலியை யார் பேசுகிறார்கள், ஆள் கூட்டுவது யார், மிஷின் வந்த வயலில் மூலை நடவுக்கு மட்டும் யாரைக் கூப்பிடுகிறார்கள். எழுதுமுன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, உடனே போக வேண்டியதில்லை. இரண்டு வருடம் இங்கே ஒரு தொண்டு நிறுவனத்திலோ ஆய்வுத் திட்டத்திலோ வேலை பாருங்கள், செவனிங்கும் திறக்கும், பரிந்துரைக் கடிதம் எழுத உங்களை நன்றாகத் தெரிந்த ஆளும் கிடைப்பார்.

கும்பகோணத்து அக்கா:
இரண்டு வருடம் வீட்டில் இருந்தால் கல்யாணப் பேச்சு வரும் சார், அதையும் கணக்கில் சேருங்கள். வேலை பார்ப்பதானால் வெளியூரில் பார்க்கட்டும். தங்கச்சி, ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், இப்போதே எழுதிக் காசைக் கரைக்காதே.